டைனிங் டேபிளில் நான்கு பிளக்குகள்

சந்தாபுராவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களை அளந்து பார்த்து உள்ளே விடுவது என் வேலை. பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் நம்பக் கூடாது. அந்தப் புத்தி ஷிப்ட் முடிந்தும் என்னைவிட்டுப் போவதில்லை. என் கணவர் வாங்கி வரும் மீனைக்கூட செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் கழுவியதில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் டைனிங் டேபிளில் பேப்பரை விரித்து, நான்கு ஸ்பார்க் பிளக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது.

காரணம் இருந்தது. எங்களுடையது டர்போ பெட்ரோல் கார். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சமாச்சாரம் அது. அந்த அழுத்தத்துக்குப் பெயர் பூஸ்ட். லேப்டாப்பைச் செருகி அதை ஏற்றிக் கொடுக்க இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இதற்கு முன்பிருந்த டர்போ காரில் அவர் அப்படி ஏற்றிக்கொண்டார். ஓசூர் ரோட்டில் பிஸ்டன் உருகி, நடு லேனில் புகையோடு வண்டி நின்றது. பின்னால் வந்த லாரி எங்கள் மேல் ஏறாமல் போனது மாதாவின் கருணை. பின் சீட்டில் எங்கள் மகள் பள்ளி யூனிஃபார்மில், அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கெபி முன்னால் நின்று, இனி எந்த வண்டியிலும் பூஸ்டைத் தொட மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் காரைப் பெரும்பாலும் ஓட்டுவது அவள்தான்.

“என்ன இது?”

“சர்வீஸ்தான். பிளக் மாத்துற டைம் ஆயிடுச்சு,” என்றார், தலையைத் தூக்காமல்.

டப்பாவை எடுத்துப் பார்த்தேன். வழக்கமான கம்பெனி இல்லை.

“கம்பெனிய ஏன் மாத்தினீங்க?”

“கடையில இதுதான் இருந்துச்சு. நம்பரைப் பாரு, பழசைவிடக் கம்மி. சாதுவான பிளக்.”

அங்கேதான் மாட்டிக்கொண்டார். பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்கிவிடும் என்பதைச் சொல்லும் எண் அது. பழைய கம்பெனியில் எண் ஏறினால் பிளக் குளிர்ச்சி. இந்தக் கம்பெனியில் எண் இறங்கினால்தான் குளிர்ச்சி. எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். குளிர்ச்சியான பிளக்கைக் கேட்பது, என்ஜினுக்குள் சூடு எகிறும் என்று தெரிந்தவர்கள்தான். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கல்லூரிக்குப் போய்வருகிற காருக்கு அது எதற்கு?

கைப்பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தேன். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து அது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாண்ட வேண்டும். உள்ளே காற்று நெருக்கி அடைத்திருந்தால் அதற்குத் தாண்டுவது கஷ்டம். அதனால்தான் பூஸ்டை ஏற்றுகிறவர்கள் இடைவெளியைக் குறைப்பார்கள். எங்கள் காருக்குச் சொல்லியிருப்பது பாயின்ட் எட்டு மில்லிமீட்டர். அந்தத் தகடு நுழையவே இல்லை. பாயின்ட் ஐந்தரைத் தகடு நான்கிலும் சொல்லிவைத்தாற்போல் நுழைந்தது. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் கைதவறிக் கீழே விழுந்தது என்று விட்டிருப்பேன். நான்கும் ஒரே அளவென்றால் யாரோ உட்கார்ந்து செய்தது.

“பூஸ்ட் ஏத்திட்டீங்க.”

“இல்லம்மா.”

“மாதா முன்னாடி நின்னு சொன்னீங்களே!”

அவர் பேப்பரின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே, “சரி, ஆமா. கொஞ்சம்தான் ஏத்தினேன்,” என்றார்.

அப்போதே எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. பால் பாக்கெட்டை யார் மறந்தது என்பதற்கே அரை மணி நேரம் வாதாடுகிற மனிதர் இவர். என் வேலையில், இவ்வளவு லேசாகத் தப்பை ஒப்புக்கொள்கிற சப்ளையர் உள்ளே வேறெதையோ மறைக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பேச்சை விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போனேன். அந்த நேரம் பார்த்து மகள் பாடகர் குழு பயிற்சி முடிந்து உள்ளே வந்தாள்.

“டாடி, பிளக் கேப் கம்மி பண்ணிட்டீங்களா? வண்டி சக்கத்தா, செமயா இழுக்குது டாடி, ஆனா ஃபுல்லா அழுத்தினா மட்டும் திக்குது. இனிமே…”

நான் சமையலறை வாசலுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கல்லூரித் தோழன் ஒருவன் மூலம் ஊருக்கு வெளியே எங்கேயோ பூஸ்டை ஏற்றியவள் அவள். ஒருநாள் ஓட்டிப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்று அவரிடம் கேட்டேன்.

“சொன்னா நீ சாவியப் பிடுங்கிடுவ. அவ ஃப்ரெண்ட்ஸ் வண்டியில போவா, அது இன்னும் மோசம். சரி, இன்ஜினாவது உருகாம இருக்கட்டும்னு பாத்தேன்.”

அவர் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இருவரும் சேர்ந்து என்னை மட்டும் வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

“பூஸ்டைப் பழையபடி இறக்கணும்.”

“சரி மம்மி,” என்றாள் மகள். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிற பிள்ளை இல்லை அவள்.

டேபிளில் உட்கார்ந்தேன். நடுமுனையின் மெல்லிய கம்பியைத் தொடாமல், மேலே வளைந்திருக்கும் கொக்கியை மட்டும் நிமிர்த்தி நான்கையும் பாயின்ட் எட்டுக்குக் கொண்டுவந்தேன். பூஸ்டை இறக்கிவிட்டால் வண்டி ஒழுங்காக ஓடும். இறக்காமல் அழுத்தினால் பொறி விட்டுவிட்டு விழும், வண்டி முன்பைவிட மோசமாகத் திக்கும். இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் கண் முன்னாலேயே அவற்றை மாட்டினார்.

திங்கள் மாலை இருவரும் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து, பூஸ்டை இறக்கியாகிவிட்டது என்றார்கள்.

மறுநாள் காலை மகள் ஓட்ட, நான் முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பின்னால். தொம்மலூர் மேம்பாலத்தில் ஏறியபோது எங்களுக்கு முன்னால் வண்டியே இல்லை.

“ஃபுல்லா அழுத்து,” என்றேன்.

“டிராஃபிக் மம்மி.”

“எங்க?”

அவள் கால் அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

“அழுத்துடி.”

பாலம் இறங்கியதும் அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். சாவியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல், என் மடியில் வைத்தாள். நான் சந்தேகப்பட்டது சரிதான், பூஸ்டை இறக்கவே இல்லை. ரோட்டோரம் என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.