வேண்டுதல் முடிந்த பிறகு

திருத்தணி மலையடிவாரத்தில் உள்ள ஒரு தங்கும் விடுதியில் அறைச் சாவி எடுத்துக் கொடுப்பது அனுசுயாவின் வேலை. மொட்டை போட வந்த குடும்பங்கள், காவடி எடுத்தவர்கள், சித்தூர்ப் பக்கமிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்கள் என்று எல்லோரிடமும் தமிழிலும் தெலுங்கிலும் சிரித்துப் பேசுவாள். இன்று வந்தவர்கள் நாளை இருக்க மாட்டார்கள். வேலை முடிந்தால் பூட்டிய வீடு. கதவைத் திறந்தபின் அவள் பேசுவதற்கு யாரும் கிடையாது.

அம்மா இருந்தவரை அப்படியில்லை. அம்மா நிர்மலா பக்கவாதத்தில் படுத்தபோதுதான் அனுசுயா விரதம் பிடித்தாள். அம்மா எழுந்து நடந்தால் போதும் முருகா என்று செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டை விட்டாள். பிறகு கிருத்திகை, அதற்கப்புறம் சஷ்டி. அம்மா எழவில்லை. ஒரு மார்கழி விடியலில் மூச்சு நின்றுவிட்டது. காரியம் முடிந்த கையோடு தம்பி பிரேம்குமார் பெங்களூருக்குத் திரும்பிப் போனான்.

வேண்டுதல் முடிந்துபோயிற்று. விரதத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது, பின்னால் திங்களும். சாப்பிடுகிற நாளிலும் அரைக் கரண்டிச் சோற்றை மோரில் கரைத்துக் குடித்துவிட்டு, அதுவே அதிகம் என்று மனம் நொந்தாள். பசியோடு இருக்கும்போது அம்மாவின் காலிக் கட்டில் கண்ணை அவ்வளவாக உறுத்தவில்லை.

ஊரில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. விடுதி வாசலில் பூ விற்கும் ரத்தினம்மாள் பார்க்கும்போதெல்லாம் மெச்சினாள்.

"உன்னப் பாத்தா கையெடுத்துக் கும்புடலாம் போலக்கீதும்மா. மூஞ்சியில அப்புடி ஒரு களை வந்துகினு இருக்குது."

அந்த ஒரு பேச்சுக்காகவே அடுத்த வேளையையும் தள்ளிப்போடத் தோன்றும். அம்மா போன பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்துப் பேசுகிறவள் ரத்தினம்மாள் ஒருத்திதான். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலிலும் குளிர் எடுத்தது. மாதவிலக்கு நின்றுபோனது. இதையெல்லாம் அவள் யாரிடம் சொல்வாள்?

வைகாசியில் ஒருநாள், சாவியை நீட்டிய கையோடு மேசைமேல் சரிந்தாள். மேனேஜர் பாலசுப்பிரமணியன் ஆட்டோ பிடித்து அரக்கோணத்தில் ஒரு மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இதயத் துடிப்பு மெதுவாகிவிட்டது, பொட்டாசியம் இறங்கிக் கிடக்கிறது என்றார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது மனநல மருத்துவர் வந்து நெடுநேரம் பேசினார். இது உண்ணுதல் கோளாறு, மனசும் உடம்பும் சேர்ந்த நோய் என்றார்.

"நோய் இல்ல சார். சாமிக்கு இருக்கறேன்" என்றாள் அனுசுயா.

அவர் மறுத்துப் பேசவில்லை. தன்னிடம் தொடர்ந்து வரச் சொன்னார். கூடவே உணவு ஆலோசகர் கெசியாவையும் பார்க்கச் சொன்னார்.

கெசியா அனுசுயாவைவிடச் சின்னவள். கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி. முருகனுக்கு இருக்கும் விரதம் இவளுக்கு எங்கே புரியப்போகிறது?

"எங்க வீட்லயும் லெந்து காலத்துல உபவாசம் இருப்போம்க்கா" என்றாள் கெசியா. "ஈஸ்டர் வந்தா முடிச்சிடுவோம். உங்க விரதம் எப்பக்கா முடியும்?"

அனுசுயா நகத்தைச் சுரண்டினாள். பிறகு, "தெரியல மேடம். முடிச்சா அப்பறம் என்ன பண்றதுன்னு தெரியல" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கெசியா அட்டவணை எதுவும் தரவில்லை. அளந்து எடுத்து வைக்கும் பழக்கம் அனுசுயாவிடம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது என்றாள். வெகுநாள் காய்ந்த உடம்பு ஒரேயடியாகச் சோற்றைத் தாங்காது, ஆபத்தாகிவிடும். அதனால் ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எடை பார்க்கும்போது, எண் கண்ணில் படாதபடி அனுசுயா முள்ளுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

விடுதிக்குத் திரும்பிய பிறகும் வாரம் ஒருமுறை அரக்கோணம் போனாள். அங்கே கெசியாவின் அறையில் இருவரும் சேர்ந்து சாப்பிட வேண்டும், அதுவும் சிகிச்சைதான். முதல் நாள் கெசியா தன் டிபன் பாக்ஸைத் திறந்து தக்காளிச் சோறு சாப்பிட்டபோது அனுசுயா ஒரு இட்லியை விரலால் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தொண்டையில இறங்கல."

"ஆங், இறங்காதுக்கா. பரவால்ல, நான் இங்கதான இருக்கறேன். மெதுவா."

இட்லி ஆறி விறைத்துப்போனது. பாதி உள்ளே போயிற்று. அன்று வயிறு உப்பி வலித்தது. துரோகம் செய்துவிட்டதுபோல இருந்தது. யாருக்கு என்றுதான் விளங்கவில்லை. அடுத்த வாரம் போகாமல் வீட்டில் கிடந்தாள். கெசியாவே போனில் கூப்பிட்டாள். திட்டவில்லை. வயிறு மறுபடி வேலை செய்யப் பழகும்போது உப்பத்தான் செய்யும், சில வாரத்தில் அடங்கும் என்று மட்டும் சொன்னாள். "வர்ற வாரம் பாப்போமாக்கா?"

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைப்பாதை முழுக்கக் காவடி. விடுதியில் நிற்க இடமில்லை. மதியம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அனுசுயா சாம்பார் சாதத்தைப் பிரித்தாள். பூக்கூடையோடு உள்ளே வந்த ரத்தினம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது! இன்னிக்கிப் போயி சாப்டுகினு இருக்கற?"

"உடம்பு கெட்டுப்போச்சுக்கா. டாக்டர் விரதம் கூடாதுன்னுட்டாரு."

"நீயா சொல்ற இத?" ரத்தினம்மாளின் முகம் தொங்கிப்போனது. பூவை வைத்துவிட்டு வெளியே போனாள்.

அனுசுயா மீதியையும் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் இறக்குவது கல்லை விழுங்குவதுபோல இருந்தது. அதற்குப் பிறகு ரத்தினம்மாள் சண்டை போடவில்லை, கேலி பேசவில்லை. அவளை நிமிர்ந்து பார்ப்பதைத்தான் நிறுத்திக்கொண்டாள். களை பற்றிய பேச்சு அன்றோடு போயிற்று. அந்தப் பேச்சு இல்லாத காலைகளைக் கடப்பது சாப்பாட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. கெசியாவிடம் இதைச் சொன்னபோது அவளும் ஆறுதலாக எதையும் சோடித்துச் சொல்லவில்லை. "ஆமாக்கா, அது வலிக்கும்" என்றாள்.

தம்பியிடமும் சொல்லிப் பார்க்கச் சொன்னவள் கெசியாதான். பிரேம்குமார் போனில் கேட்டான்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, "சாப்டியாக்கா?" என்று கேட்பான். அதைத் தாண்டி என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனாலும் வைக்க மனமில்லாமல் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஐப்பசியில் கெசியாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. கடைசிச் சந்திப்பில் இருவரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். அடுத்து வருகிறவரிடம் எல்லாம் சொல்லியிருப்பதாகவும், டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாதென்றும் சொல்லி, கெசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அனுசுயா ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டாள். இனி யார் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது?

புதிதாக வந்தவர் கொஞ்சம் கறார். அவரோடு சேர்ந்து சாப்பிட அனுசுயாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனாள். சில நாள் காலை உணவு தவறியது. தவறிய நாளின் மதியத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

கார்த்திகை மழையில் ஒரு மாலை, அரக்கோணத்திலிருந்து திரும்பும் ரயிலில் வயிற்றுக்குள் ஏதோ கிள்ளியது. நோவு என்று பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பசி என்று தெரிந்தது. கெட்டியாகப் பிடித்து அடக்கி வைத்திருந்த பழைய பசி இல்லை. குழந்தைக்கு எடுப்பதுபோல, ஏதாவது கொடு என்று கேட்கிற பசி. அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டு ஒருவர் வந்தார். ஒரு பொட்டலம் வாங்கினாள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரமான தோலை உரித்து, ஜன்னலோரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. திருத்தணி வந்ததும் தோலைப் பொட்டலத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, மழையில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.