ஜஸ்டஸ் மோந்து பார்த்த நாற்காலி

முட்டத்து ஜஸ்டஸ் யாரையும் நம்பமாட்டார். டீ வந்தால் முதலில் மோந்து பார்ப்பார். பஸ் எங்கே போகிறது என்று டிரைவரிடம் கேட்பார், ஏறி உட்கார்ந்ததும் பக்கத்து ஆளிடம் மறுபடி கேட்பார். எல்லாம் ஒத்துவந்தால் "சரிதான்" என்பார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து லேசில் வராது.

ஊரில் வள்ளத்துக்குப் பாய் தைத்தவர். அபுதாபிக்கு வந்து ஒரு கராஜில் கார் சீட்டுக்குத் தோல் தைத்தார். வெள்ளிக்கிழமை லீவில் வீடுகளுக்குப் போய்த் தோல் சோபாவைச் சுத்தம் செய்து கொடுப்பார். "பிள்ளை பாலைக் கொட்டிட்டான்" என்று வீட்டுக்காரர் சொன்னால், குனிந்து மோந்துவிட்டு, "இது பாலா?" என்று திருப்பிக் கேட்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அவர் கையில்தான் என் லீவு சிக்கியிருந்தது.

நான் கம்பெனி வில்லாக்களுக்கு வாட்ச்மேன். ஏழாம் நம்பரில் சீதாராமன் சாரும் அவர் சம்சாரம் ஷியாமளா அம்மாவும். சார் கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்கு லீவு கிடைக்கும், பாஸ்போர்ட்டும் கைக்கு வரும். கடும் வெயில் காலத்தில் அவர்கள் இரண்டு மாசம் ஊருக்குப் போனார்கள். சாவி என்னிடம். அப்போதுதான் காயல்பட்டினத்திலிருந்து தந்தி வந்தது. என் மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸுக்கு ஆண் குழந்தை. என் முதல் பேரன்! கேட்டில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். லீவு பேப்பரை எழுத வைத்து, சார் வரக் காத்திருந்தேன்.

வந்த அன்றே அம்மா கூப்பிட்டார். ஹாலில் ரேடியோ பக்கத்தில் சார் உட்காரும் உயரமான தோல் நாற்காலி. தலை சாய்க்கும் இடத்தில் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டம்.

"பாய், யாரை உள்ள விட்டேள்?"

"அல்லா மேல சத்தியமா யாரையும் விடலம்மா. வாரம் ஒருக்கா ஜன்னலத் தொறந்து மூடுனதோட சரி."

"எண்ணெய்த் தலையோட யாரோ சாஞ்சிருக்கா. நாங்க போறச்சே இது இல்லை. லேபர் கேம்ப் ஆளுங்க ரேடியோ கேக்க வந்தாளா?"

சார் என் பேப்பரை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இது என்னன்னு தெரியட்டும், மீரா சாகிப். அப்புறம் பாக்கலாம்."

இன்னும் பார்க்காத பேரன் அந்த நிமிஷத்தில் இன்னும் தூரம் போனான்.

எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான் தொழப் போனபோது சாவியை யாராவது எடுத்தார்களா? தோட்டக்காரர் கான் பாய்க்கு ரேடியோ பைத்தியம். அன்று நான் பார்த்த பார்வையில் அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "க்யா ஹுவா, பாய்?" என்று என்ன ஆச்சென்று ஹிந்தியில் கேட்டார். நான் கேட் பக்கம் திரும்பி நடந்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவே ஜஸ்டஸை வரவழைத்தார். அவர் கறையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓய் பாய், தொப்பியக் கழத்தும்."

"எதுக்கு?"

"கழத்தும்வே. தலையக் குனியும்."

சாரும் அம்மாவும் பார்க்க என் உச்சியை மோந்தார். "தேங்காண்ணெ."

"பாத்தேளா!" என்றார் அம்மா.

"நீங்க கொஞ்சம் சும்மா இரிங்கம்மா. நான் இன்னும் சரிதான்னு சொல்லல்ல."

என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் தலை வட்டத்துக்கு நாலு விரல் கீழே நின்றது.

"ஆளு உம்மள விட வளத்தி."

"கான் பாய் வளத்தி" என்று என் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

ஜஸ்டஸ் நாற்காலியைக் கவிழ்த்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் முதலில் சோப்பு நுரையைத் தொட்டுப் பார்த்தார். சாயம் போகவில்லை. பிறகு நாற்காலியை மல்லாத்தி, கறைமேல் சோளமாவைக் கனமாகக் கொட்டினார்.

"நாளைக்கு வரைக்கும் யாரும் தொடப்பிடாது. ஏசியும் போடப்பிடாது. சூட்டுலதான் எண்ணெ மேல வரும்."

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தார். வெள்ளை மாவு மஞ்சளாகிக் கட்டி தட்டியிருந்தது. ஸ்பூனால் சுரண்டிக் காகிதத்தில் எடுத்து மோந்தார். மறுபடியும் மோந்தார். அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா மோந்தார். முகம் மாறியது. "மிளகு, சீரகம்... நல்லெண்ணெய்..." என்று இழுத்தவர் சமையலறை அலமாரியைப் பார்த்தார்.

"கேம்புல இத யாரு காய்ச்சப் போறா? இது ரெண்டு மூணு வருசமா தோலு குடிச்ச எண்ணெம்மா. வீட்டப் பூட்டி ஏசிய நிறுத்துனீங்கல்லா, அந்தச் சூட்டுல கக்கிட்டு."

ஊரில் சார் சனிக்கிழமை, அம்மா காய்ச்சும் இந்த எண்ணெயைத் தேய்த்துக் குளிப்பவர். இங்கே லீவு நாள் வெள்ளி என்பதால் அன்றைக்கு மாற்றிக்கொண்டார். எண்ணெய் ஊறும்வரை அந்த நாற்காலியில் சாய்ந்து நியூஸ் கேட்பார்.

"தலைக்குத் துண்டு போட்டுண்டு உக்காருங்கோன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"போட்டுண்டுதானே உக்காந்தேன்?"

"அது இடுப்புலன்னா இருந்தது!"

ஜஸ்டஸ் சிரிக்கவில்லை. சாரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சார் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். தலை வட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

"சரிதான்" என்றார் ஜஸ்டஸ்.

சார் எழுந்து போய் என் பேப்பரை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "காபி சாப்ட்டுட்டுப் போங்கோ பாய்" என்றார். அதற்குள் ஜஸ்டஸ் துணியை நன்றாகப் பிழிந்து நுரையால் துடைக்க ஆரம்பித்திருந்தார். நிழலில் காயவைத்து, நிறம் சேர்த்த மெழுகைப் பழைய பனியன் துணியால் தேய்த்தார். வட்டம் இருந்த இடத்தை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஊருக்குக் கிளம்புமுன் கான் பாய்க்கு ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் தனியாகக் கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் பேரன் போட்டோவை ஜஸ்டஸிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி ஸ்டூடியோ முத்திரையைப் படித்தார். குழந்தையின் காதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தொப்பியக் கழத்தும்வே."

கழற்றினேன். என் காதைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார்.

"சரிதான்" என்றார்.