பக்கத்து நாற்காலி

இஞ்சின் நின்றதும் யந்தினாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. சரக்குக் கப்பலில் பிறந்து, சரக்குக் கப்பலிலேயே குடித்தனமும் நடத்தியவளுக்கு இஞ்சின் சத்தம்தான் தாலாட்டு. அது நின்றால் தூக்கம் போய்விடும். பக்கத்தில் கணவன் வுப்போவைக் காணோம். தூங்கும் சட்டையோடு கால்சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, காரிடாரில் பாதி தூரம் போய்விட்டிருந்தான். துடைப்பமும் கையுமாக வந்த பணிப்பெண் அவனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கரையில கயிறு கட்ட வேணாமா?" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் கட்டியாச்சு சார். நீங்க போய்ப் படுங்க. காப்பிக்கு இன்னும் நேரம் இருக்கு."

அசடு வழியத் திரும்பி வந்தவனைப் பார்த்து யந்தினா போர்வைக்குள் சிரித்தாள். தானும் ஒரு காலைத் தரையில் ஊன்றி, செருப்பைத் துழாவிக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை.

"கிழவா, நீ இப்ப பயணி. டிக்கெட்டோட வந்திருக்க."

"டிக்கெட் எடுத்தது உன் மக. மீனுக்குக் குளிக்கத் தண்ணி வாங்கிக் குடுத்திருக்கா."

மகள் வோப்கே எடுத்துக்கொடுத்ததுதான். ஆனால் கேட்டு வாங்கியது யந்தினா. கப்பலை விற்றுவிட்டுக் குரோனிங்கன் பக்கம் தரையில் வீடு கட்டிக் குடியேறியபின், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகள் கேட்டாள். வருடக் கடைசி நாளில் ரைன் நதியில் சும்மா உட்கார்ந்துகொண்டு போக வேண்டும் என்றாள் இவள். வோப்கே போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். விடுதிப் பள்ளியில் வளர்ந்தவளுக்கு அம்மாவின் பாடு எங்கே தெரியும்?

கோப்லென்ஸைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும் அந்தப் பள்ளத்தாக்கை யந்தினா கணக்கில்லாத தடவை கடந்திருக்கிறாள். பார்த்ததுதான் இல்லை. அங்கே வளைவும் பாறையும் அதிகம் என்பதால் வுப்போ சுக்கானை யாரிடமும் விடமாட்டான். மற்ற இடங்களில் அவன் சாப்பிடவும் தூங்கவும் போகும்போது இவள்தான் சுக்கான் பிடிப்பாள். ஆகவே பள்ளத்தாக்கு வந்தால் இவளுக்கு ஓய்வு. ஓய்வு என்றால் துவைக்கிற வேலை, தேய்க்கிற வேலை. முப்பத்தொன்றாம் தேதி என்றால் எண்ணெய்ச் சட்டி. உலர்திராட்சை போட்டுப் புளிக்கவைத்த மாவைக் கரண்டி கரண்டியாக எண்ணெயில் விட்டு, பொரிந்த உருண்டைகளைச் சர்க்கரைப் பொடியில் புரட்ட வேண்டும். அது இல்லாமல் ஒரு டச்சுக் கப்பலில் புது வருஷம் பிறந்துவிடுமா? சமையலறை ஜன்னல் நீர்மட்டத்தில் இருந்தது. அலையைத் தவிர அதில் எதுவும் தெரியாது. மேலே கோட்டைகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

காலை உணவின்போது அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மத்தியானம் கப்பல் கிளம்பினதும், பள்ளத்தாக்கு முடியுற ரூடெஸ்ஹைம் வரைக்கும் என் பக்கத்துல உட்காரணும். சுக்கான் அறைப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது. கேட்டுதா?"

"கேட்டுது."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான். ரொட்டியச் சாப்பிடு."

மத்தியானம் முன்பக்கக் கண்ணாடி அறையில் இரண்டு நாற்காலிகளைப் பிடித்தார்கள். வெளியே பனி உறைந்த திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக மலைமேல் ஏறின. யாரோ காப்பியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். யந்தினாவுக்கு நிறைந்த சந்தோஷம். வுப்போவோ எதிரே வரும் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பெல்ஜியக்காரனப் பாரு, கப்பல் முங்குற அளவுக்குச் சரக்கு ஏத்தியிருக்கான்."

"கரையப் பாரு."

"கரை எங்க ஓடிடப் போகுது?"

போப்பார்ட் ஊர் தெரிந்ததும் அவன் எழுந்தான். "இதோ வந்துடறேன்" என்றான். அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான் என்பதை அவள் கவனித்தாள்.

வரவில்லை. காப்பி ஆறிப்போனது. பிரேமன் நகரத்து அம்மாள் ஒருத்தி வந்து, "இது காலியா?" என்று நாற்காலியைத் தொட்டாள். ஆள் வருகிறார் என்று யந்தினா தன் சால்வையை அதன்மேல் போட்டாள். அடுத்து ஒரு தாடிக்காரர் கேட்டார். கைப்பையையும் வைத்தாள். அந்தப் பிரேமன் அம்மாள் திரும்பவும் வந்து, "இன்னும் வரலையா?" என்று இரக்கத்தோடு கேட்டபோது யந்தினாவுக்குச் சுருக்கென்றது.

எங்கே இருப்பான் என்று அவளுக்குத் தெரியாதா? மேலே சுக்கான் அறையில், கேப்டனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன் காலத்துக் கதைகளை அளந்துகொண்டிருப்பான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை இந்த ஆற்றோடு பங்கு போட்டுக்கொண்டுதான் வாழ்ந்தாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு மத்தியானம் கேட்டாள்.

பள்ளத்தாக்கு அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. லோரலைப் பாறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரே வந்தது. அதன் தலையில் வெயில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. "அதப் பாரு" என்று பக்கத்தில் திரும்பினாள். சால்வையும் கைப்பையும்தான் இருந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வந்த அழுகை, அதனால் மூக்கைச் சிந்திக்கொண்டு அடக்கிவிட்டாள்.

பாறையும் பின்னால் போனது. அப்புறம்தான் அந்த வாசனை வந்தது. சூடான எண்ணெய், ஈஸ்ட், கொஞ்சம் கருகல்.

வுப்போ கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். புருவத்தில் மாவு. இடுப்பில் யாருடைய ஏப்ரனோ.

"சமையக்காரன் உள்ளயே விடமாட்டேன்னுட்டான்" என்றான் மூச்சு வாங்க. "பயணிங்க வரக் கூடாதாம். தொங்கினேன், கெஞ்சினேன். மாவ மட்டும் காலையிலயே அவன்கிட்டச் சொல்லிப் புளிக்க வச்சிருந்தேன்."

"உன்ன யாரு சுடச் சொன்னா? உட்காரத்தானே சொன்னேன்?"

அவன் நிஜமாகவே திகைத்துப்போனான். "இன்னிக்கு முப்பத்தொண்ணாந் தேதி. பள்ளத்தாக்கு வருது. நீ சுட்டா உன்னால பார்க்க முடியாது. அப்ப வேற யாராவது சுடணும்ல?"

யந்தினாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

"மடையா. எத்தன பேரு வந்து காலியா காலியான்னு கேட்டாங்க தெரியுமா? காலி நாற்காலிக்குக் காவல் இருந்தேன். பக்கத்துல ஆள் இல்லாம இதப் பார்த்து நான் என்ன பண்ண?"

"அது எனக்குத் தெரியும்."

"உனக்கு என்ன தெரியும்?"

வுப்போ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நம்ம கப்பல்ல, சுக்கான் அறையில இன்னொரு முக்காலி இருந்துச்சே. பள்ளத்தாக்கு வந்தா அதத் தொடச்சு என் பக்கத்துல இழுத்துப் போடுவேன். நீ மேல வருவ. எண்ணெய் காயுதும்ப. ஓடிடுவ."

யந்தினாவுக்கு அந்த முக்காலி நன்றாக ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சூடான உருண்டைகளோடு ஏணிப்படி ஏறிப் போனால், அது தயாராகப் போட்டிருக்கும். தட்டு வைக்க நல்ல வசதியாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்து, ஒவ்வொரு வருடமும் தட்டை அதன்மேல் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உட்காருவன்னு நெனச்சேன்."

வருடா வருடம் நினைத்திருக்கிறான். அவள் சால்வையையும் கைப்பையையும் எடுத்தாள். வுப்போ பழக்கதோஷத்தில் தட்டை அந்த நாற்காலியில் வைக்கக் குனிந்தான்.

"அங்க வைக்காத. இங்க குடு."

தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். ஆற்று நடுவில், தீவின் மேல் நிற்கும் கௌப் கோட்டை மெல்ல நெருங்கி வந்தது. அவள் ஒரு உருண்டையைக் கடித்தாள். வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு.

"வேகல, இல்ல?" என்றான் வுப்போ.

"வேகல" என்று சொல்லிவிட்டு, முழுவதையும் சாப்பிட்டாள். "கரையப் பாரு."

அவன் பார்த்தான்.