சந்தனம் பூசிய ரிவால்வர்

நடந்தது இது.

1. ஆயுத பூஜை அன்று பெரியப்பா தன் ரிவால்வருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்.
2. மறுநாள் காலை அதைத் துடைக்காமல் இடுப்பு உறையில் போட்டுக்கொண்டு எங்கள் சோளக்காட்டுக்குப் போனார். பெரியம்மாவும் நானும் உடன் போனோம்.
3. மக்காச்சோளத்துக்குள்ளிருந்து ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது.
4. பெரியப்பா விசையை இழுத்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை.
5. பன்றி பெரியம்மாவின் தொடையைக் கிழித்தது.
6. பெரியப்பா வீட்டுக்குப் போய், துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

வரிசையாக எழுதிவிட்டால் கோபம் அடங்கும் என்று நினைத்தேன். என் வேலை அப்படிப்பட்டது. மதுரைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எந்திர பாகங்களின் தரத்தைச் சோதிக்கிறேன். ஒரு பாகம் உடைந்து வந்தால் முதலில் நடந்ததை வரிசைப்படுத்த வேண்டும், பிறகுதான் காரணம் தேட வேண்டும். இந்த வரிசையில் என் கண் திரும்பத் திரும்பப் போய் நிற்பது ஆறாவது வரியில்தான்.

பெரியப்பாவை நினைத்தால் முகம் வருவதற்கு முன் அந்தத் தோல் உறைதான் வருகிறது. பழுப்பு நிறம், ஓரத்தில் தையல் பிரிந்திருக்கும், மூடியின் பித்தளைப் பொத்தானுக்கு மேல் வருடா வருடம் வைத்த குங்குமம் தடித்துப் போயிருக்கும். எழுமலைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் அவருக்கு நிலம் இருந்தது. வேட்டியின் மேல் பெல்ட் கட்டி, அதில் உறையைத் தொங்கவிட்டு, வரப்பில் நடப்பார். தண்ணீர் பாய்ச்சப் போனாலும் அதுதான், களை எடுப்பவர்களுக்கு டீ வாங்கப் போனாலும் அதுதான். குனிந்து ஒரு களையைப் பிடுங்கி நான் பார்த்ததில்லை. குனிந்தால் உறை விலாவில் குத்தும் என்பார்.

அந்த ரிவால்வர் அவர் சம்பாதித்தது அல்ல. பெரியம்மாவின் அப்பாவுடையது. அவர் மலைத் தோட்டம் ஒன்றில் மேலாளராக இருந்தவர்; இங்கிலாந்தில் செய்த அந்தச் சாமானை முறைப்படி உரிமத்தோடு வைத்திருந்தார். பெரியம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. அந்த அப்பா காலமான பிறகு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி உரிமத்தைத் தன் பெயருக்கு வாங்கினார் பெரியப்பா. அவர் வாழ்க்கையில் விடாமுயற்சி என்று ஒன்றைக் காட்டியது அந்த ஒரு முறைதான். "எங்கப்பா வீட்டுலருந்து வந்ததுல இவருக்குப் புடிச்சது அது ஒண்ணுதான்" என்பார் பெரியம்மா. சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. பள்ளி விடுமுறை எல்லாம் நான் அங்கேதான் இருப்பேன். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை என்பது தெரியப் பல வருடம் ஆனது.

துப்பாக்கியின் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அழகான எந்திரம். மேலே ஒரு கொக்கியைத் தள்ளினால் நடுவில் ஒடிந்து குழல் கீழே சாயும். சாயும்போதே நட்சத்திரம் போன்ற ஒரு தட்டு எழும்பி ஆறு தோட்டாவையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுக்கும். மூடினால் ஒரே சத்தம், ஆட்டமில்லாத சத்தம். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். தலைமுடி அளவு விலகினாலும் ஆபத்து. இத்தனை வயதுக்குப் பிறகும் அது விலகவில்லை. செய்தவனுக்குத் தன் வேலை தெரிந்திருந்தது. அந்த வீட்டில் தன் வேலையைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவை இரண்டு. ஒன்று பெரியம்மா, இன்னொன்று அது. இரண்டையும் வைத்திருந்தவர் பெரியப்பா.

அவர் சுடுவதையும் பார்த்திருக்கிறேன். கோடையில் கண்மாய் வற்றியதும் கரையடியில் பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு வந்து நிற்பார். காலை அகட்டி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, சினிமாவில் நிற்பதுபோல் நெடுநேரம் நிற்பார். பிறகு விசையை வெடுக்கென்று இழுப்பார். இழுக்கும்போது குழல் கீழே போகும். குண்டு டப்பாவுக்கு முன்னால் மண்ணைக் கிளப்பும். மறுபடியும் நிற்பார், மறுபடியும் மண். நான் கல்லூரி முடித்த வருடம், யாரோ பார்த்துக்கொண்டிருந்த பெருமையில், "நீ ஒரு தடவ போடு பாப்பா, ஒன் படிப்பு எம்புட்டுன்னு பாப்போம்" என்று என் கையில் கொடுத்தார். நான் கட்டைவிரலால், தோட்டாவைத் தட்டும் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்தினேன். அப்படிச் செய்தால் விசை இலகுவாகிவிடும், குழல் ஆடாது. மெல்ல அழுத்தினேன். கையைக் கொஞ்சம் மேலே தூக்கியது; காதில் ஒரு ரீங்காரம்; பட்டாசுப் புகையும் எண்ணெயும் கலந்த வாசனை. டப்பா உருண்டது.

பெரியப்பா போய் டப்பாவை எடுத்துப் பார்த்தார். ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "காத்துல விழுந்துருச்சு" என்றார். அதற்குப் பிறகு என் கையில் அதைக் கொடுத்ததே இல்லை.

டீக்கடையில் அவருக்கென்று ஒரு பெஞ்சு உண்டு. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள விதி. இவர் அதை, "எலெக்சன்னா கவர்மெண்டுக்கே நம்ம மேல ஒரு இது இருக்கு மாப்ள" என்பார். டீ ஆற்றுகிறவர் ஒரு முறை கேட்டார்: "ஏண்ணே, பன்னி வந்தா மொதல்ல லைசென்ஸக் காட்டுவீங்களா, சுடுவீங்களா?" கடையே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார், தன்னைப் புகழ்ந்ததாக நினைத்துக்கொண்டு.

உண்மையில் பன்றியைச் சுட அவருக்கு அனுமதியே கிடையாது; வனத்துறை வழக்குப் போடும். அனுமதி இருந்தாலும் அந்தச் சின்னத் தோட்டா வளர்ந்த பன்றியின் தோள் தோலில் போய் நின்றுவிடும். ஆகாயத்தைப் பார்த்து வெடித்து விரட்டலாம், அவ்வளவுதான். அதற்கு ஒரு தகர டின்னும் குச்சியும் போதும். ஆனால் தகர டின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போக முடியாது.

பன்றித் தொல்லை அதிகமானபோது இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் சோலார் வேலி போட்டார்கள். பெரியம்மாவும் கேட்டார். காலையில் காட்டுக்கு முதலில் போவது அவர்தான். கம்பங்கொல்லையோ சோளமோ, உள்ளே என்ன படுத்திருக்கிறது என்று தெரியாமல் கால் வைப்பதும் அவர்தான். நான் அளவெடுத்து, கம்பி எவ்வளவு, கம்பம் எத்தனை, பேட்டரி எங்கே வைப்பது என்று படம் போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா படத்தைப் பார்க்கவில்லை. உறையைத் தட்டினார்.

"வேலிங்கிறது இது இல்லாதவன் போடுறது பாப்பா."

"ரெண்டு பக்கமும் வேலி போட்டுட்டாங்க பெரியப்பா. நடுவுல தெறந்து கெடக்குறது நம்ம காடு ஒண்ணுதான். மலையிலருந்து எறங்குறது அம்புட்டும் இனி இங்கதான் வரும்."

"வரட்டும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

பெரியம்மா அடுப்படியிலிருந்து, "வந்தா ஒங்களையா முட்டப் போகுது?" என்றார். அவர் டீக்கடைக்குக் கிளம்பினார்.

அந்த ஆண்டு ஆடியில் விதைத்த மக்காச்சோளம் ஆயுத பூஜை சமயத்தில் பால் பிடித்து நின்றது. பன்றிக்கு அதைவிட விருந்து இல்லை. நான் பூஜைக்குப் போயிருந்தேன். அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், என் மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பெரியம்மா பொட்டு வைத்தார். துப்பாக்கியை மட்டும் பெரியப்பா யாரையும் தொடவிடவில்லை. குழைத்த சந்தனத்தைக் கைநிறைய எடுத்துத் தானே பூசினார். பொட்டாக வைக்கவில்லை, பூசினார். சிலிண்டர் முழுக்க, குழலும் சிலிண்டரும் சந்திக்கும் இடத்தில், சுத்தியலுக்குப் பின்னால். சாமிக்குச் செய்வதில் குறை வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். முந்தைய வருடங்களிலும் அப்படித்தான். ஆனால் அந்த வருடங்களில் கோடைக்குள் துடைத்து எண்ணெய் போட நாள் இருந்தது, மறுநாளே அது தேவைப்பட்டதில்லை.

மறுநாள் காலை அதை உறையில் போடும்போது பார்த்தேன். சந்தனம் காய்ந்து சுவர்ப்பூச்சு மாதிரி வெளுத்திருந்தது.

"தொடச்சுட்டு எடுங்க பெரியப்பா. இடுக்குல போயிருக்கு."

"சாமிக்கு வச்சத அழிக்கவா? லாரிக்காரன் இஞ்சினுக்கு வைக்கிறான், ஓடலையா?"

லாரிக்காரர் இஞ்சினுக்கு வெளியே வைக்கிறார். எங்கள் தொழிற்சாலையிலும் பூஜை உண்டு. கடைசல் எந்திரத்தின் மூடியில் பொட்டு வைப்பார்கள், சுழலும் தண்டில் வைக்க மாட்டார்கள். நான் இதைச் சொன்னேன். "ஒங்க கம்பெனில சாமி மூடிக்கு மேல இருக்கும்போல" என்று நடந்துவிட்டார். நன்றாகத்தான் சொன்னார். அவர் சொன்னவற்றில் எனக்குச் சிரிப்பு வந்தது அது ஒன்றுக்குத்தான்.

விடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெரியம்மா கையில் தூக்குச்சட்டியோடு முன்னால் போனார். சோளத்தட்டை முறியும் சத்தம் கேட்டது. பன்றி வரப்பில் ஏறி நின்றது; நாங்கள் நினைத்ததைவிடப் பெரியது. பெரியப்பா துப்பாக்கியை உருவியதைக் குறை சொல்ல மாட்டேன், வேகமாகத்தான் உருவினார். விசையை இழுத்தார். அசையவில்லை. இன்னொரு கையையும் சேர்த்து இழுத்தார். பன்றி பெரியம்மாவின் மேல் வந்தது. அவர் விழுந்தார். விழுந்தபடியே தூக்குச்சட்டியால் அதன் முகத்தில் அடித்தார், கஞ்சி சிதறியது, மறுபடியும் அடித்தார். நான் கத்திக்கொண்டு ஓடி மண்ணாங்கட்டிகளை எறிந்தேன். பன்றி திரும்பிச் சோளத்துக்குள் போய்விட்டது.

பெரியப்பா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். துப்பாக்கியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன். கோழை ஓடியிருப்பான்; ஓடியவன் யாரையாவது கூட்டிக்கொண்டாவது வந்திருப்பான். இவர் நின்றார். நான் துப்பட்டாவைக் கிழித்துப் பெரியம்மாவின் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவின் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது.

"நல்லவேள, கீழ விழல."

பெரியம்மா விழுந்துதான் கிடந்தார். பெரியப்பா சொன்னது துப்பாக்கியை.

பக்கத்துக் காட்டுக்காரர் தன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். உசிலம்பட்டியில் கட்டுப் போட்டு, மதுரைக்கு அனுப்பினார்கள். ரத்தம் நிறையப் போயிருந்தது. நான் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பேசவைத்துக்கொண்டே வந்தேன். பேச்சு நின்றால் பயமாக இருந்தது. தையல் எல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் புதுச் சந்தனம். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "லைசென்ஸ் சாமான் பாப்பா, ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டு வரக் கூடாது" என்றார். சரியான விதிதான். அவர் கடைப்பிடிப்பதற்கு அந்த நேரமும் அந்த விதியும்தான் கிடைத்தன. வார்டில் இருந்த இளம் மருத்துவரிடம், அது இங்கிலீஷ் சாமான் என்றும், இதுவரை ஒரு தடவைகூடச் சதி செய்ததில்லை என்றும் விளக்கத் தொடங்கினார். "ஐயா, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார் மருத்துவர்.

மறுநாள் பெரியம்மா பேசினார். குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"ஏங்க, அதைக் குடுத்துட்டு வாங்க."

"எத?"

"எங்கப்பா சாமான."

"அதுல ரிப்பேர் ஒண்ணும் இல்ல, சந்தனந்தான். பாப்பா சொன்ன மாதிரி தொடச்சா..."

"சந்தனத்துக்காகச் சொல்லல. நான் கீழ கெடந்தப்ப நீங்க என்னையப் பாக்கல. அதத்தான் பாத்தீங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது அந்த வீட்டுல இருந்தா நான் அங்க வரமாட்டேன். இவ கூட மதுரையிலயே இருந்துக்கிறேன்" என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன். அவர் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. இடையில், சோறு யார் பொங்குவது என்ற கேள்வி அவருக்கு எழுந்திருக்க வேண்டும்.

ஒப்படைப்பதற்கு முன் அவர் எதிரிலேயே நான் அதைச் சுத்தம் செய்தேன். தோட்டாக்களை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அங்கே சந்தனம் கல்லாகி இருந்தது. சுத்தியலின் பின்னாலும் அப்படியே. எல்லாம் கரைந்து போனதும் விசையை இழுத்துப் பார்த்தேன். சிலிண்டர் ஒழுங்காகச் சுழன்று, ஒவ்வொரு அறையும் அதன் இடத்தில் வந்து நின்றது. பழுது எதுவும் இல்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல, நல்ல சாமான்" என்றார் பெரியப்பா.

மதுரையில், உரிமத் துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொள்ளும் ஓர் ஆயுதக் கடையில் ஒப்படைத்தோம். கடைக்காரர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு உறையைத் திருப்பி நீட்டினார். "இது எங்களுக்கு வேணாம் சார், சாமான் மட்டும் போதும்." பெரியப்பா அதை அங்கேயே, கவுன்ட்டர் முன்னால் நின்று, பெல்ட்டில் கோத்துக்கொண்டார்.

இப்போது நிலைமை இது. துப்பாக்கி கடைக்காரரின் இரும்பு அறையில் இருக்கிறது. அதை விற்க வேண்டும் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். வாங்க இன்னும் ஆள் வரவில்லை. நிலத்தைச் சுற்றி நான் போட்டுக் கொடுத்த படத்தின்படி சோலார் வேலி நிற்கிறது. அதற்குப் பிறகு பன்றி உள்ளே வரவில்லை. பெரியம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறார், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். பெரியப்பா உறையை இடுப்பில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார். இந்த ஆயுத பூஜைக்கும் அதற்குக் கைநிறையச் சந்தனம் பூசினார். உள்ளே ஒன்றும் இல்லாததால் எதுவும் கெடவில்லை.