செவலை தண்ணீர் குடிக்காத நாள்

“...பழசு ஒண்ணும் வரக் கூடாதுன்னு சொன்னது நானு. அதுக்கு இந்த வாயில்லா ஜீவன் இன்னாய்யா பண்ணும்?” என்று அத்தை கேட்டபோது, எதிர்வீட்டுக்காரர் கையில் உலக்கை இருந்தது. அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஒருவரிடம் சவுக்குக் கட்டை. எங்கள் நாய் செவலை, கிணற்றடித் துவைகல்லுக்குப் பின்னால் ஒடுங்கி, நாக்கைத் தொங்கப்போட்டு எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அப்பாவுக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் வேலை கிடைத்து, விழுப்புரத்திலிருந்து நாங்கள் குடிவந்த வாரம். அப்பாவின் அக்காவான அத்தைதான் எங்கள் வீட்டுக்குப் போலீசு, கோர்ட்டு எல்லாம். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் போக வேண்டும். பழைய துடைப்பம், ஓட்டை ஒடசல் எதுவும் படி தாண்டக் கூடாது என்பது அவள் உத்தரவு. அந்த உத்தரவில், செவலை குட்டியிலிருந்து படுத்த கோணியும், தண்ணீர் குடித்த மூளிச் சட்டியும் விழுப்புரத்துக் குப்பைமேட்டிலேயே தங்கிவிட்டன. நாய் மட்டும் லாரியில் வந்தது.

அத்தை ஒன்றும் கஞ்சமில்லை. செவலைக்கென்று புது எவர்சில்வர் கிண்ணமே வாங்கி வைத்தாள். வெயிலில் அது கண் கூசும்படி மின்னியது. செவலை குனிந்தால் உள்ளேயிருந்து இன்னொரு நாய் எட்டிப் பார்த்தது. உறுமிவிட்டுப் பின்னால் போய்விடும். சோற்றையும் தொடவில்லை. தண்ணீர் சேந்த வந்த பெண்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். புதுசாகக் குடிவந்தவர்களின் நாய் தண்ணீரைக் கண்டு மிரளுகிறது என்ற சேதி மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரை போய்விட்டது.

எதிர்வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது. போன மழைக்காலத்தில்தான் அவருடைய அண்ணன் மகன் வெறிநாய் கடித்துச் செத்திருந்தான்.

“யக்கா, தூக்கி வளத்த புள்ளய வாரிக் குடுத்தவன் நானு. தள்ளிக்கோங்க” என்றார்.

அம்மா என்னையும் தம்பியையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தண்ணி குடிச்சா வுட்ருவ இல்ல?”

“குடிச்சா நான் இன்னாத்துக்கு அடிக்கப் போறேன்? அது குடிக்காதுக்கா.”

அத்தை அந்தக் கிண்ணத்தைக் காலால் தள்ளினாள். குடத்தை இழுத்துக்கொண்டு செவலைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். செவலை பல்லைக் காட்டியது. உலக்கை உயர்ந்தது. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீர்ந்துபோனது. மறுபடி ஊற்றினாள்.

“வாடா கண்ணு, பேஜாரு பண்ணாத” என்றாள், தம்பிக்குச் சோறூட்டுகிற குரலில்.

செவலை கழுத்தை நீட்டியது. மோந்தது. பிறகு கை முழுவதையும் எச்சிலாக்கிக்கொண்டு நக்க ஆரம்பித்தது. சளப் சளப் என்ற சத்தம் ஜன்னல் வரை கேட்டது. அவள் ஊற்ற ஊற்றக் குடித்தது.

எதிர்வீட்டுக்காரர் உலக்கையைக் கீழே இறக்கினார். “நல்லா இருக்கட்டும்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டமும் கலைந்தது.

நான் கதவைத் திறந்துகொண்டு செவலையிடம் ஓடினேன். நம் நாய்க்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் அத்தை கையை நீட்டினாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால், அவள் அடுத்துச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. நாய் பட்ட அருவருப்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை சோப்புக் கட்டியை எடுத்தாள். முழங்கை வரை நுரைக்க நுரைக்கத் தேய்த்தாள். கழுவினாள். விரல் விரலாகப் பிரித்து, கீறல் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் சோப்பை எடுத்தாள். அது அவள் கையில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்துகொண்டே இருந்தது.