பத்துப் பொருத்தமும் ஒரு பூஞ்சை ஃப்ளாப்பியும்

பழைய கம்ப்யூட்டருக்கு ஃப்ளாப்பி எழுதிக் கொடுக்கும் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: போட்டிக்கு ஆளே கிடையாது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேல் மாடியில் என் அறை இருக்கிறது. தும்மிக்கொண்டே படியேறி வந்தால் வாடிக்கையாளர். தும்மாமல் வந்தால் கீழ்க் கடைக்காரர்.

எண்பதுகளில் டிவியோடு இணைத்துப் பயன்படுத்திய, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலர் வீட்டுப் பரணில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் ஃப்ளாப்பிகள்தான் போய்ச் சேர்ந்துவிட்டன. யாரோ புண்ணியவான்கள் அந்த ஃப்ளாப்பிகளில் இருந்ததை அச்சு அசலாக, ஃப்ளாப்பிக்கு ஒரு ஃபைலாக்கி இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள். டிஸ்க் இமேஜ் என்று பெயர். இன்றைய பிசியிலிருந்து அந்த இமேஜை வெற்று ஃப்ளாப்பியில் எழுதி, பழைய மெஷினில் ஓட வைப்பதுதான் என் வேலை. சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. இதில் கை வைத்துப் பார்த்தவர்கள் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

பிரிக்காத பொதி

மணக்காட்டிலிருந்து வரும் பஷீர் வளைகுடாவில் இருந்து திரும்பியபோது, கீபோர்டில் அரபி எழுத்து போட்ட கம்ப்யூட்டர் ஒன்றையும் கொண்டுவந்தவர். கார் ஓட்டும் கேம் ஒன்று அவருக்கு வேண்டும். இமேஜை அவரே இறக்கி, அவரே ஃப்ளாப்பியில் காப்பி செய்து, வாரக்கணக்கில் முயன்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். மெஷின் கெட்டுவிட்டது என்றார்.

மெஷினில் ஒரு குறையும் இல்லை. இமேஜ் என்பது முழு ஃப்ளாப்பியின் வார்ப்பு. அதை ஒரு ஃபைலாக ஃப்ளாப்பிக்குள் போட்டால், பொதியாகக் கட்டிய பார்சல் சோற்றைப் பிரிக்காமல் அப்படியே இலையில் வைத்த கதைதான். பிரித்து, வரிசைப்படி பரிமாறுவதற்குத் தனி மென்பொருள் இருக்கிறது என்று விளக்கி, எழுதிக் கொடுத்தேன். கார் ஓடியது. பஷீர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அப்போ இத்ர நாளும் நான் பொதியையாக்கும் தின்னுட்டு இருந்தேன், இல்லியா அண்ணாச்சி?"

வாய்ஸ் மெசேஜில் வந்த கேம்

ஃப்ளாப்பி டிரைவ் வாங்க வசதியில்லாத வீடுகளில் அப்போது கேசட்தான். டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட்டினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் புரோகிராம். வேறு யாருக்கும் பிடிக்காத அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். ஒரு புரோகிராம் என் பெயரை முதன்முதலாக டிவியில் காட்டியது அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான்.

வலியசாலையில் இருக்கும் கண்ணன் பேங்க்கில் வேலை பார்ப்பவர். அவருடைய மதுரை நண்பர் ஒருவர் கேசட்டை ஓட்டி, அதை வாய்ஸ் மெசேஜாகவே அனுப்பியிருக்கிறார். கண்ணன் போனை வயரில் இணைத்து கம்ப்யூட்டருக்குள் ஓட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. போன், மனிதப் பேச்சைத் தவிர மற்றதையெல்லாம் இரைச்சல் என்று வடிகட்டிவிடும். நண்பர் அனுப்பியதில் இருந்ததோ இரைச்சல் மட்டும்தான். விஷயத்தைச் சொன்னதும் கண்ணன் கேட்டார்: "சரி சார், அதுக்கு மனுஷக் குரல்தான் வேணும்னா, அவனையே வாயால கீச்சச் சொல்லட்டுமா?"

மஞ்சள் பையில் வந்த மெஷின்

கோமதி மாமி மூன்று முறை தும்மிவிட்டு உள்ளே வந்தார். கரமனையிலிருந்து பஸ்ஸில் ஒரு பெரிய மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பைக்குள் கம்ப்யூட்டர், தனிப் பெட்டியாக ஒரு ஃப்ளாப்பி டிரைவ், கூடவே ஒரே ஒரு ஃப்ளாப்பி.

அந்த ஃப்ளாப்பியில் இருந்தது ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம். எழுதியவர் அவருடைய கணவர் நாராயணன் சார். பெண் பார்க்க வந்தபோது இந்த மெஷினையும் தூக்கிக்கொண்டு வலியசாலைக்கு வந்து, மாமி வீட்டு டிவியில் மாட்டி, தெருவே கூடிப் பார்க்க, இருவர் நட்சத்திரத்தையும் கொடுத்துப் பத்துக்கு ஒன்பது என்று படித்துச் சொல்லியிருக்கிறார். தெரு ஜோசியரே மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுந்து போய்விட்டாராம். இப்போது சாருக்கு அறுபதாம் கல்யாணம் வருகிறது. அன்றைக்கு அதே மெஷினில் அதே பொருத்தத்தை மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது மாமியின் ஆசை.

ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் பார்த்தேன். திருவனந்தபுரத்து மழை ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. வட்டம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. இதை நம்புவதற்குப் பதிலாக, பொருத்தத்தைப் போனிலேயே ஒரு நொடியில் பார்த்துவிடலாமே மாமி என்றேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன் சொல்லி நான் கல்யாணம் பண்ணிக்கலையே."

பின்னாலேயே வந்த மாப்பிள்ளை

மறுநாள் நாராயணன் சார் வந்தார். தும்மல் அடங்கியதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். முகத்தில் கல்யாணக் களை இல்லை.

"ஒன்பதுன்னு சொன்னேனாக்கும். ஸ்கிரீன்ல வந்தது அஞ்சு," என்றார்.

மாமியின் அப்பா எட்டுக்குக் குறைந்தால் பேச்சே இல்லை என்று முன்பே சொல்லிவிட்டாராம். எட்டுப் பொருத்தத்தோடு இன்னொரு வரன் காத்திருந்ததாம். மாமியைப் பார்த்த பிறகு சாருக்கு அந்த ஐந்தைப் படிக்க வாய் வரவில்லை. டிவியோ சின்னது. அதன் முன்னால் போய் நின்று மறைத்துக்கொண்டு, சத்தமாக ஒன்பது என்று சொல்லிவிட்டார். அன்று முதல் மாமி ஊர் முழுக்க அந்த ஒன்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஃப்ளாப்பி போய்விட்டது என்று சொல்லிவிடச் சொன்னார். முடியாது என்றேன். சரி, இமேஜில் ஐந்தை ஒன்பதாக மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும், பெரிய வேலைகூட இல்லை. ஆனால் வந்ததை வந்தபடி ஏற்றுவதுதான் இந்தத் தொழிலில் இருக்கும் ஒரே மரியாதை. அதில் கை வைத்துவிட்டால் நான் எழுதும் ஃப்ளாப்பியை நானே நம்ப மாட்டேன். அதையும் முடியாது என்றேன். எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. படி இறங்கும்போது அவர் திரும்பி நின்று சொன்னார்: "அந்தப் பூஞ்சையைக் கொஞ்சம் மெதுவாத் தொடைங்கோ, கேட்டேளா. அவசரமே இல்லை."

தடித்த கோடும் மெல்லிய கோடும்

பூஞ்சை போனது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிசியில் போட்டேன். ஒரு கீறல் இல்லாமல் முழு இமேஜும் வந்தது. அந்தக் காலத்து ஃப்ளாப்பிக்கு என்ன ஆயுள்! பழைய ஃப்ளாப்பியை இனி நம்ப முடியாது என்பதால் இமேஜை வேறொன்றில் எழுதி மாமியின் மெஷினில் போட்டேன். டிரைவ் கரகரவென்று சுற்றியது. படிக்கவில்லை. திரும்பத் திரும்ப எழுதியும் அதே கதை.

காரணம் பிறகுதான் உறைத்தது. நான் எடுத்தது ஏற்கனவே ஒருவர் பழைய மெஷினில் பயன்படுத்திய ஃப்ளாப்பி. ஃப்ளாப்பியில் எதுவும் கோடு கோடாகத்தான் பதியும். பழைய டிரைவ் போடும் கோடு தடிமன். என் பிசி டிரைவ் போடும் கோடு மெல்லிசு. தடித்த கோட்டின் மேல் மெல்லிசாக எழுதினால் இரு ஓரமும் பழையது மிச்சம் நிற்கும். பழைய டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு விழிக்கும். இதில் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கடைசியில் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தால் ஃப்ளாப்பியைத் தடவி, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். உடனே ஓடியது. அவர்கள் நட்சத்திரத்தைக் கொடுத்துப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

அது ஓடும் வரை சார் தினமும் சாயங்காலம் வந்து விசாரித்துவிட்டுப் போனார். படிக்கவில்லை என்று நான் எரிச்சலோடு சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலரும். "அப்படியா? பாவம், நீங்களும் எவ்வளவுதான் செய்வேள்."

அறுபதாம் கல்யாணத்தில் ஐந்து

கரமனையில் அவர்கள் வீட்டுச் சுவரில் பாதிக்கு ஒரு புது டிவி இருக்கிறது. பழைய மெஷினை அதில் மாட்டுவதற்கான அடாப்டர் என் பையிலேயே இருந்தது. ஆனாலும் நான் என் அறையிலிருந்த பழைய சின்ன டிவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பெரிய டிவியில் இதெல்லாம் சரியாக வராது என்று சொல்லிவிட்டேன். இமேஜில் கை வைக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன். டிவியைப் பற்றி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து கூடம் நிறைய உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ளாப்பி சுற்றியது. நாராயணன் சார் புது வேட்டியும் மாலையுமாக வந்து, இரண்டு நட்சத்திரங்களையும் அடித்தார். ஓரத்தில் நின்ற எனக்குத் திரை நன்றாகத் தெரிந்தது. பத்துக்கு ஐந்து. சார் மெல்ல நகர்ந்து, டிவிக்கும் கூடத்துக்கும் நடுவில் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒன்பது."

கூடம் கைதட்டியது. அவர்கள் மகள் விசிலே அடித்தாள். நான் தும்மல் வந்தவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிளகாய்ப் பொடி எதுவும் அங்கே இல்லை. சார் அவசரமாக டிவியை அணைத்துவிட்டுப் பாயசம் குடிக்கப் போய்விட்டார்.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அடுக்களை வாசலில் நின்ற மாமி கையில் காபியோடு வந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து திரை பக்கவாட்டில் தெரியும் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "அன்னிக்கும் அஞ்சுதான். கூடத்துக்கு மறைச்சவர் அடுக்களைப் பக்கம் மறைக்க மறந்துட்டார். அவர் வாயால இன்னொருக்கா ஒன்பதுன்னு கேக்கணும்னு ஆசை, வேறொண்ணுமில்லை. நீங்க சின்ன டிவியாக் கொண்டுவந்தது நன்னாச்சு. பெரிசுன்னா, பாவம், அவர் எப்படி மறைப்பார்?"

ஐந்தை ஐந்தாகவே ஏற்றிக் கொடுப்பதோடு என் தொழில் முடிந்துவிடுகிறது. அதை ஒன்பதாகப் படிப்பது அந்தந்த வீட்டுக்காரர்கள் பாடு.