நாலு வயது இடுப்பு

என் அலமாரியின் மேல்தட்டில், வீட்டுப் பத்திரம் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்கு அடியில், நான்கு முழ நீளக் காடாத் துணி ஒன்று மடித்துக் கிடக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி மில் தொழிலாளிகளுக்குக் கொடுப்பார்களே, அந்த வெளுக்காத முரட்டுத் துணி. அதிலிருந்து நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்தெடுத்தது. ஒரு முனையில் வளையமாக ஒரு முடிச்சு, நாலு வயதுப் பையனின் இடுப்பு நுழையும் அளவில். மறுமுனையில் ஒரு பெண்ணின் மணிக்கட்டுக்குப் பொருந்துகிற சின்ன வளையம். இரண்டையும் இதுவரை யாரும் அவிழ்க்கவில்லை. போன வாரம் கனடாவிலிருந்து என் மகன் போன் செய்தான். நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு உல்லாசக் கப்பலில் ஒரு வாரம் போகப் போகிறானாம். “சின்ன வயசுல என்ன கப்பல்ல கூட்டிட்டுப் போனீங்களே, புள்ளைய எப்படிப்பா சமாளிச்சீங்க?” என்று கேட்டான். அவனுக்கு அந்தப் பயணம் துளிகூட நினைவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த சலுகை. “அத்தைதான் பாத்துக்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா இறந்ததும் அவர் வேலை பார்த்த மில்லிலேயே நூல் சுற்றும் ரீலிங் பகுதியில் சேர்ந்தாள். நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து அவள் மில் சங்குக்கு ஓடி ஓடித்தான் நான் கல்லூரிக்குப் போனேன். அவளுக்கு வந்த வரன்களைத் தம்பி படிப்பு முடியட்டும் என்று அவளே தள்ளிப்போட்டாள் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தள்ளிப்போட்டது அவள் இல்லை, அவள் சம்பளத்தில் சாப்பிட்ட நாங்கள். எனக்கு அரசாங்கத்தில் கிளார்க் வேலை கிடைத்து, பள்ளி ஆசிரியையான என் மனைவி வந்து, பையனும் பிறந்தான். மனைவி திரும்ப வேலைக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியபோது, “புள்ளைய கண்டவங்ககிட்ட விட முடியாது. நான் நின்னுக்கிறேன்” என்று அக்கா மில்லுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு பையன் அவள் இடுப்பிலேயே வளர்ந்தான். அவன் முதலில் பேசிய வார்த்தையே ‘அத்தை’தான். என் மனைவிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

எண்பதுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்தில் எல்.டி.சி. ஜுரம் பிடித்தது. அரசு ஊழியர் நாலு வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு எங்காவது போய்வரலாம் என்ற பயணச் சலுகை அது. காசி, காஷ்மீர் என்று போய்வந்தவர்கள் ஒரு மாதத்துக்கு அதையே பேசுவார்கள். எங்கள் சூப்பிரண்டு கப்பலில் அந்தமான் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். விண்ணப்பத்தில் குடும்பத்தார் பட்டியல் எழுத வேண்டும். மனைவி, மகன், அதற்கடுத்த வரியில் ‘மணமாகாத மூத்த சகோதரி, என்னைச் சார்ந்து என்னுடன் வசிப்பவர்’ என்று என் கையாலேயே எழுதினேன். சூப்பிரண்டுதான் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறும் வரிசையில்தான் சூப்பிரண்டின் மனைவியை முதன்முதலாகப் பார்த்தேன். அந்த அம்மாவின் அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். கப்பல் அந்த அம்மாவுக்குப் புதிதில்லை. குடையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றார். அக்கா பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் எங்கள் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் செருப்பும் சாயம் போன வாயில் புடவையுமாக வந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“சைகோன்லேர்ந்து வரப்ப எங்கம்மாவும் இப்படித்தான் ஒத்தாசைக்கு ஒரு வேலைக்காரம்மாவ கூட்டிக்கிட்டு வந்தாங்க. புள்ளைய வச்சிக்கிட்டு கப்பல்ல ஆள் இல்லாம முடியாது. இது எவ்ளோ நாளா உங்ககிட்ட இருக்குது?”

“பையன் பொறந்ததுலேர்ந்து” என்றேன்.

பொய் இல்லை. அன்றைக்கு இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பதவி உயர்வுக்காக என்றால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். அப்படி எதுவும் அந்த அம்மாவின் கையில் இல்லை. பிரெஞ்சுக்காரர் கட்டிய, வெள்ளைச் சுவரும் போகன்வில்லாவுமாக இருக்கும் தெருவிலிருந்து வந்த ஒருத்தியின் கண்ணில் நான் நெல்லித்தோப்பு மில்காரன் வீட்டுப் பிள்ளையாகத் தெரியக் கூடாது, வேலைக்கு ஆள் வைத்திருப்பவனாகத் தெரிய வேண்டும். வெறும் அற்பப் பெருமை. கேபினுக்குள் வந்ததும் மனைவி, “ஏங்க, அப்படிச் சொல்லிட்டீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். “போவ மூணு நாளு. அப்புறம் அவங்க யாரோ நாம யாரோ” என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எங்கள் கேபினில் நான்கு படுக்கைகள். நாலாவது படுக்கை அக்காவுக்கு என்று தெரிந்ததும் சூப்பிரண்டு வீட்டம்மா, “கூடவே படுக்க வச்சிருக்கீங்களா? ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு” என்றார். அந்தப் பாராட்டையும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

பையன் சும்மா இருப்பானா? மறுநாள் காலை மேல்தளத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, “அத்தை! மீனு பறக்குது! அத்தை, வா!” என்று கத்திக்கொண்டு ஓடினான். அந்த அம்மா புருவத்தைத் தூக்கினார். “பாசத்துல அப்படிக் கூப்பிட்டுப் பழகிட்டான்” என்று சொல்லிவிட்டுப் பையனைத் தனியாகக் கூட்டிப்போனேன். உயிர்காப்புப் படகுக்குப் பின்னால் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கையில் இரண்டு கிரீம் பிஸ்கட்டைக் கொடுத்து, கப்பலில் இருக்கும்வரை அத்தை என்று கூப்பிடக் கூடாது என்றேன். கூப்பிட்டால் கப்பல்காரர் எல்லோரையும் இறக்கிவிட்டுவிடுவார் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவன் சுற்றிலும் இருந்த தண்ணீரைப் பார்த்தான்.

“அப்ப எப்படிக் கூப்புடறது?”

“கூப்புடவே வேணாம்.”

பிஸ்கட்டைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எனக்கு இன்றைக்கும் கிரீம் பிஸ்கட் இறங்காது.

அந்தக் காடாத் துணியை அக்கா எங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். கப்பலின் கம்பித் தடுப்புக்கு நடுவே ஒரு பிள்ளை நுழைந்துவிடும் என்று யாரோ தெருவில் அவளைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். ஒரு வளையத்தைப் பையன் இடுப்பிலும் மற்றொன்றைத் தன் மணிக்கட்டிலும் மாட்டிக்கொண்டுதான் மேல்தளத்துக்கே வருவாள். மில்லில் அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டவள். அவள் போட்ட முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். அன்று பகலில் சூப்பிரண்டு வீட்டம்மா அதைப் பார்த்துச் சிரித்து, “என்ன இது, கன்னுக்குட்டியக் கட்டி இழுத்துட்டு வரா மாதிரி?” என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். “கழட்டு அத” என்றேன் அக்காவிடம், அவர்களுக்குக் கேட்கும்படி. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்காமலே வளையத்தைப் பையனின் கால் வழியாக உருவி, சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். சூப்பிரண்டு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து தன் நாற்காலியை அக்கா பக்கம் நகர்த்திவிட்டு, கம்பியோரம் போய் நின்றுகொண்டார். பிள்ளையை வைத்திருப்பவள் என்று இடம் கொடுக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தேநீர் வேளையில் பையனைக் காணவில்லை. அக்கா பால் வாங்கப் போயிருந்தாள். பையன் எங்களோடு இருந்தான், நான்தான் பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை. அந்த முக்கால் மணி நேரத்தை எழுத எனக்கு வராது. கடலைப் பார்க்கப் பயந்துகொண்டு கடலையே பார்த்தேன். மனைவி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா மட்டும் செருப்பைக்கூட விட்டுவிட்டு, பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தளம் தளமாக ஏறி இறங்கினாள். கடைசியில் கீழ்த்தளத்தில், மிதவைச் சட்டைகள் குவித்து வைத்திருந்த அறையிலிருந்து ஒரு கப்பல் சிப்பந்தி அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே போனவனால் இரும்புக் கதவை மறுபடி தள்ளித் திறக்க முடியவில்லை. அழாமல், உடம்பெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தானாம்.

அக்கா ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். சூப்பிரண்டு வீட்டம்மா அவளைப் பார்த்து, “புள்ளையப் பாத்துக்கறத விட உனக்கு வேற என்ன வேலை?” என்றார். அந்த இடத்தில் என் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தது. “இதுக்குத்தான உன்னக் கூட்டிட்டு வந்தோம்?” என்றேன். என்னை வளர்த்தவளை, பத்துப் பேர் நடுவில். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கேபினுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அக்கா பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “அந்தப் பக்கம் நான் கூப்புட்டுக்கிட்டே வந்தேனே, காதுல விழலியாடா கண்ணு?”

விழுந்தது என்று தலையாட்டினான்.

“அப்ப ஏன்டா குரல் குடுக்கல?”

பையன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். “இங்க கூப்புடலாமாப்பா?” என்றான்.

நான் தலையை அசைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. அவன் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அத்தை, அத்தை, அத்தை” என்று விடாமல் சொல்லத் தொடங்கினான். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அக்கா எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். காலையிலிருந்து பையன் தன்னிடம் முகம் கொடுக்காமல் இருந்ததைப் பார்த்து, அவன் தன் மேல் கோபமாக இருக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறுநாள் மேல்தளத்தில், அந்த அம்மாவும் நானும் இருந்த இடத்துக்கு வந்து அக்கா சொன்னாள்: “சார், பையனுக்குப் பால் குடுத்துட்டேன்.”

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, அடிப்பதற்காகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மீதிப் பயணம் முழுவதும் நான் அவளுக்கு சாராகவே இருந்தேன். திரும்பி நெல்லித்தோப்புக்கு வந்து வீட்டு வாசலில் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியதும், “டேய், அந்தப் பையத் தூக்கு” என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பையன் அதற்குப் பிறகும் ரொம்ப நாள், வீட்டுக்கு அன்னியர் யாராவது வந்தால் அத்தை என்று கூப்பிடுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பான்.

விடுமுறை முடிந்து எல்.டி.சி. பில்லை சூப்பிரண்டு மேசையில் வைத்தேன். அவர் கோப்பைப் புரட்டினார். என் பழைய விண்ணப்பம் மேலே வந்தது. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக்கொண்டே வந்தவர், மூன்றாவது வரியில் விரலை எடுக்காமல் நிமிர்ந்தார். “அக்கா சௌக்கியமா?” என்றார். கேலி இல்லை, கோபம் இல்லை. வழக்கமான குரல். கப்பலேறுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். ஒரு காகிதத்தையும் வரி வரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர் அவர். ஆறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தவனுக்கு அது தெரியாதா? அவள் யார் என்று தெரிந்துதான் நாற்காலியை நகர்த்தியிருக்கிறார். என் மானம் போகக் கூடாதென்று தன் மனைவியிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார். “சௌக்கியம் சார்” என்றேன். கையெழுத்துப் போட்டார். அவர் ஓய்வு பெறும்வரை நான் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. என்னோடுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியோ, வங்கியோ, கல்யாண வீடோ, எங்கே அவளைக் கூட்டிப்போனாலும் நான் முந்திக்கொண்டு, “இவங்க என் அக்கா. கூடப் பொறந்த அக்கா” என்று சொல்லிவிடுகிறேன். போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண்ணிடமும் அப்படியே சொன்னேன். அந்தப் பெண் பேரை மட்டும்தான் கேட்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பாமலே, “இப்ப யார்றா கேட்டா?” என்றாள். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை, வேண்டாத இடத்தில் ஆயிரம் தடவை சொல்லித் தீர்க்கப் பார்க்கிறேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

மகனின் போன் வந்த அன்று சாயங்காலம் அந்தத் துணியை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். நாற்பது வருஷமாக வாயில் வராததை நின்றுகொண்டே சொன்னேன். “கப்பல்ல நான் பண்ணது தப்புக்கா. உன்ன யாருன்னு சொல்லாம வுட்டேன். எல்லார் எதுருலயும் உன்னத் திட்டுனேன்.”

அவள் என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. துணியை விரித்து, பெரிய வளையத்தில் இரண்டு கையையும் விட்டு அகட்டிப் பார்த்தாள். “எவ்ளோ ஒல்லியா இருந்திருக்கான் பாரு” என்றாள். நீ பேசினதெல்லாம் விடு என்பாள் என்று நான் காத்திருந்தேன். அதைத்தான் எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல்.

“அந்தக் கதவாண்ட மூணு தடவ போனேன்டா” என்றாள். “உள்ளதான் இருந்திருக்கான். அத்தைன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும்.”

வளையத்துக்குள் விட்ட கையை அவள் வெளியே எடுக்கவில்லை.